நிற்காத காற்று

தொலைபேசியை வைத்த பிறகும் அந்தப் பெண்ணின் விசும்பல் சர்வேயரம்மாவின் காதைவிட்டுப் போகவில்லை.

"என்ன மேடம், முகம் பிழிஞ்சு போட்ட துணியாட்டம் ஆயிடுச்சு? யாரு போன்ல?" என்றார் பம்பரம்.

"மீன் பண்ணைக்காரரோட மனைவி."

"அந்தக் கேஸைத்தான் நேத்தே முடிச்சுக் குடுத்தாச்சே?"

"நாம முடிச்ச லட்சணத்துக்கு அவளோட தம்பி கம்பி எண்ணப் போறான். சாயங்காலம் ஜீப் வருதாம். அவன் விஷம் வைக்கற ஆள் இல்லைன்னு அழறா."

"எந்த அக்காதான் தம்பியை விஷம் வைக்கற ஆள்னு சொல்லுவா?"

சர்வேயரம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து, நெருப்பு தானாக வந்ததா, வரவழைக்கப்பட்டதா என்று சொல்லும் சர்வேயர் வேலை பார்த்தவள் அவள். அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியக் கடை விரித்த பின்னும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓரிடத்தில் நிற்கமாட்டார் என்று யாரோ வைத்த பெயர் பம்பரம். உண்மையில் அவரிடம் நிற்காதது வாய் மட்டும்தான்.

நேற்று நடந்ததை அவள் மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

வண்ணமீன் வளர்க்கும் பண்ணை அது. மீன் மூச்சுவிடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றை. பெரிய குளத்தில் அலையும் காற்றும் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். சிமென்ட் தொட்டியில் ஆயிரக்கணக்கில் நெருக்கி வைத்தால், இருக்கிற காற்றைக் கொஞ்ச நேரத்திலேயே அவை இழுத்துத் தீர்த்துவிடும். அதனால் கொட்டகையின் சுவரோரம் ஒரு காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் குழாய் தொட்டிகளின் தலைக்கு மேலே போய், ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு மெல்லிய குழாயை இறக்கும். நுனியில் ஒரு சின்னக் கல். கல்லிலிருந்து பொலபொலவென்று குமிழிகள். அவ்வளவுதான் ஏற்பாடு. குமிழி வந்தால் உயிர்.

முந்தாநாள் பண்ணைக்காரர் நகரத்துச் சரக்கு அலுவலகத்துக்குப் போயிருந்தார். பெரிய ஆர்டர், மறுநாள் மீன்கள் விமானம் ஏற வேண்டும். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெரிய தொட்டிகள் எல்லாவற்றிலும் மீன்கள் செத்துக் கிடந்தன. மோட்டாரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. குமிழிகளுக்கும் குறைவில்லை.

காற்றில் குறையில்லை என்றால் குறை தண்ணீரில். தண்ணீரில் மருந்து கலப்பதும் தீனி போடுவதும் மைத்துனன் வேலை. போன வாரம்தான் லீவு கேட்டு மாமனிடம் திட்டு வாங்கியிருந்தான். கணக்கு தானாகவே கூடி வந்து நின்றது. மோட்டார் நடுவில் நின்றதா என்று சர்வேயரம்மா மூன்று பேரைக் கேட்டாள். மூன்று பேரும் நிற்கவில்லை என்றார்கள். "காத்து இடைவிடாம வந்திருக்கு. அப்போ தண்ணிதான்" என்று பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவளைக் குத்தியது அதுகூட இல்லை. தீனி அறை வாசலில் நின்ற அந்த மைத்துனன் கேட்ட கேள்வி.

"மோட்டார் நிக்கவே இல்லைன்னு நிச்சயமாத் தெரியுமாங்க?"

"மூணு பேர் சொல்றாங்க தம்பி."

அவன் தரையைப் பார்த்தான். "காலைல எப்பவும் ஊத்தற அளவுதான் மருந்து ஊத்தினேன். ஆனா... மோட்டார் நிக்கலைன்னா நானாத்தான் இருக்கும்" என்றான்.

அதை அவள் ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டாள்.

"பம்பரம், அந்த மூணு பேரும் என்ன சொன்னாங்க? அவங்க வார்த்தையிலேயே சொல்லுங்க."

பஸ்ஸில் ஏறிய முகங்களையும் சில்லறை பாக்கியையும் நினைவில் வைத்திருந்த மனுஷர். ஒவ்வொரு குரலாக மாற்றி மாற்றி நடித்துக் காட்டினார்.

"பக்கத்து மரப் பட்டறைக்காரர்: 'அந்தப் பாழாப்போன மோட்டார் ஓயாம கத்துதுங்க, மனுஷன் இருக்க முடியல.' பண்ணையில மீன் பேக்கிங் பண்ற பொண்ணு: 'நான் எப்பப் பாத்தாலும் குமிழி வந்துக்கிட்டுதான் இருந்துச்சு சார்.' அப்புறம் இப்ப அழுத அம்மா: 'ஓடிக்கிட்டேதாங்க இருந்துச்சு, நான் கைக்குழந்தையோட அங்கயேதான இருந்தேன்.' மூணும் ஒண்ணுதானே மேடம்?"

"நானும் நேத்து அப்படித்தான் நெனச்சேன். மூணையும் ஒரே டப்பாவுல போட்டு, மேல 'இடைவிடாம'ன்னு எழுதி மூடிட்டேன்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க வீட்டம்மா உங்களைப் பத்தி என்ன சொல்லுவாங்க?"

"ஓயாம பேசறாருன்னு சொல்லுவா."

"தூங்கறப்பகூடவா?"

"தூங்கறப்ப குறட்டை. அதையும் அவ பேச்சுலதான் சேர்ப்பா."

"'ஓயாம'ன்னு எரிச்சல்ல இருக்கறவங்கதான் சொல்லுவாங்க. கேக்கறவன் எவ்வளவு நொந்து போயிருக்கான்னு அதுல தெரியும். மோட்டார் என்ன செஞ்சுதுன்னு தெரியாது. அதுவும் அவர் பட்டறையில ரம்பம் ஓடறப்ப இடி விழுந்தாக்கூட கேக்காது. அடுத்தது பேக்கிங் பொண்ணு. எப்பப் பாத்தாலும்! அவ பாத்தப்ப ஓடுச்சு, சரி. பாக்காதப்ப? அவ வெச்சது புள்ளி, கோடு போட்டது நான்."

"அந்த அம்மா அங்கயே இருந்தாங்களே?"

"ஆமா. முழுக்கக் கூட இருந்தவங்க மட்டும்தான் இடைவிடாமன்னு சொல்ல முடியும். அப்படி ஒருத்தர்தான் நமக்கு சாட்சி. அவளுக்குத் தம்பியை மாட்டிவிடறதுல என்ன லாபம்? அவ ஏன் பொய் சொல்லணும்?"

பம்பரம் தலையைச் சொறிந்தார். "பொய்யா இருக்கணும்னு இல்லையே மேடம். நான் டிக்கெட் கிழிச்ச வண்டி இடைநில்லாப் பேருந்து. கண்ணாடில கொட்டை எழுத்துல போட்டிருக்கும். டிரைவர் டீ குடிக்க நிக்கும். ஆத்துப் பாலம் தாண்டினா அவரு மாமியார் வீட்டுல பார்சல் குடுக்க நிக்கும். டிப்போவுல 'வண்டி எங்கயாவது நின்னுச்சா'ன்னு கேட்டா, 'எங்கயும் நிக்கலையே'ம்பேன். சத்தியமா பொய்யில்ல. தினமும் நிக்கறது நிக்கறதுன்னே எங்களுக்குத் தோணாது."

சர்வேயரம்மா அவரையே பார்த்தாள். பிறகு மேஜைமேல் இருந்த தொலைபேசியைப் பார்த்தாள்.

"இப்ப அவ பேசினப்ப எனக்கு என்னென்ன கேட்டுச்சு தெரியுமா? மூக்கை உறிஞ்சினது கேட்டுச்சு. குழந்தை விக்கினது கேட்டுச்சு. நடுவுல அவ பேச முடியாம நின்னப்போ, எங்கயோ குழாயில தண்ணி சொட்டறதுகூட கேட்டுச்சு."

"உங்க காதுக்கு சுத்திப் போடணும்."

"என் காதை விடுங்க. அந்த போன் எங்க இருக்கு?"

"கொட்டகைக்குள்ள, சுவத்துல. வீட்டுக்கும் பண்ணைக்கும் அது ஒண்ணுதான்."

"நேத்து நாம அந்த போன் பக்கத்துலதான் நின்னோம். எப்படிப் பேசினோம்?"

"தொண்டை கிழிய..." என்று ஆரம்பித்த பம்பரம் வாயைத் திறந்தபடியே நின்றார். அந்த வாய் சத்தமில்லாமல் திறந்திருந்ததை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

"ஸ்கூட்டரை எடுங்க" என்றாள்.

பண்ணையை அடைந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பண்ணைக்காரர் வாசலிலேயே ஜீப்புக்குக் காத்து நின்றார். பெரிய உடம்பு, இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். தீனி அறையின் கதவு வெளியே தாழிட்டிருந்தது.

"என்ன மேடம், மறுபடியும்? அதான் நேத்தே சொல்லிட்டீங்களே."

"நேத்து அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதைச் சரிபார்க்கணும்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? அவனே நான்தான்னு ஒத்துக்கிட்டான். சொந்த மச்சினன்! பக்கத்துல உக்கார வெச்சு சோறு போட்டேன்."

கொட்டகைக்குள் நுழைந்ததும் மோட்டாரின் இரைச்சல் காதை அடைத்தது. பெரிய தொட்டிகள் கழுவிக் காலியாகக் கிடந்தன. சுவரை ஒட்டிய சின்னத் தொட்டிகளில் மட்டும் மீன்கள் நீந்தின.

"இதுங்க மட்டும் எப்படித் தப்பிச்சுது?" அவள் கத்திக் கேட்டாள்.

"அவனுக்குப் பிடிச்ச மீனு! மிச்சம் வெச்சிருக்கான்!" அவரும் கத்தினார்.

நேற்றும் இதே பதிலைத்தான் சொன்னார். நேற்று அவள் தலையாட்டினாள். இன்று குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு சின்னத் தொட்டியிலும் பத்துப் பன்னிரண்டு மீன்கள் தாராளமாகத் திரிந்தன. அதே தண்ணீர், அதே தீனி, அதே மருந்து. கூட்டமாக இருந்தவை மட்டும் செத்திருக்கின்றன. விஷத்துக்குத் தலை எண்ணத் தெரியாது. மூச்சு முட்டுவதுதான் தலையை எண்ணும். கண்ணெதிரே கிடந்ததைக் கண்டும் நேற்று தலையாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

அவள் தொலைபேசி இருந்த சுவருக்குப் போனாள். அதற்குக் கீழே, கை எட்டும் உயரத்தில் சுவிட்ச் பலகை. விளக்கு, தண்ணீர் பம்ப், மின்விசிறி, கடைசியில் காற்று மோட்டார். மற்ற சுவிட்சுகளிலெல்லாம் தூசியும் தீனி மாவும் படிந்திருந்தன. நிற்காத மோட்டாரின் சுவிட்சை யாரும் தொடவே வேண்டியதில்லை. நியாயப்படி அதுதான் எல்லாவற்றையும்விட அழுக்காக இருக்க வேண்டும். அது மட்டும் பளபளத்தது. விரல்கள் பட்டுப் பட்டு அதன் விளிம்பு மழுங்கியிருந்தது.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இருந்த கதவில் பண்ணைக்காரரின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து நின்றாள். அழுது அழுது கண்ணிமை தடித்திருந்தது. சர்வேயரம்மா எங்கே பார்க்கிறாள் என்பதைப் பார்த்ததும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்வேயரம்மா பம்பரத்துக்குக் கண் காட்டினாள். அவர் பக்கத்து மரப் பட்டறைக்குப் போனார். சிறிது நேரத்தில் சுவரிலிருந்த தொலைபேசி அலறியது.

"ஸ்டேஷன்லேர்ந்துதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பண்ணைக்காரர் போனார். வலது கையால் ரிசீவரை எடுத்தார். இடது கை தானாகக் கீழே இறங்கியது.

டக்.

மோட்டார் முனகி அடங்கியது. கொட்டகை முழுக்க அமைதி நிறைந்தது.

"ஹலோ, சொல்லுங்க" என்றார் பண்ணைக்காரர் நிதானமான குரலில்.

"உங்க குரல் நல்லாத் தெளிவாக் கேக்குது சார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றது ரிசீவரில் பம்பரத்தின் குரல்.

பண்ணைக்காரர் குழம்பிப்போய்த் திரும்பினார். "என்ன மேடம் விளையாட்டு இது?"

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"போன் எடுத்தேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் செய்யலையே."

அவருடைய விரல்கள் இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தன. அவள் அதைக் காட்டினாள். அவர் அந்தக் கையை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தார்.

அதற்குள் ஒரு ஓட்டம். மனைவி குழந்தையோடு பாய்ந்து வந்து, கணவனின் கையைத் தட்டிவிட்டு, சுவிட்சை அடித்துப் போட்டாள். மோட்டார் மறுபடி கத்தத் தொடங்கியது. சின்னத் தொட்டிகளில் குமிழிகள் எழும்பும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். குழந்தை வீறிட்டது.

"நான்தாங்க" என்றாள்.

"என்ன? கேக்கல!" என்றார் பண்ணைக்காரர். அவர் கை மறுபடியும் சுவிட்சை நோக்கிப் போய், பாதியில் நின்றது. அங்கிருந்த யாருக்கும் அதைத் தொடும் தைரியம் வரவில்லை. அதனால், எத்தனையோ முறை தனக்குள் முணுமுணுத்திருக்க வேண்டியதை அவள் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"நான்தாங்க நிறுத்தினேன்! மதியம் இங்க யாரும் இல்லாதப்ப போன் வந்துச்சு! எப்பவும் போல நிறுத்திட்டுப் பேசினேன்! பேசிக்கிட்டிருக்கறப்பவே இவன் உள்ள எந்திரிச்சு அழுதான்! போனை வெச்சுட்டு ஓடினேன்! பால் குடுக்கப் படுத்தேன்... ராத்திரியெல்லாம் தூங்கவிடலைங்க இவன்... கண்ணு அசந்துட்டேன்!"

"எவ்வளவு நேரம்?" என்று சர்வேயரம்மா கத்தினாள்.

"தெரியலைங்க! முழிச்சப்ப வெயில் இறங்கிடுச்சு! ஒரு சத்தமும் இல்ல! ஓடிவந்து போட்டேன். குமிழி வந்துச்சு. இருட்டுல எட்டிப் பாத்தேன், மீனெல்லாம் அசைஞ்சுது! உயிரோட நீந்துதுன்னுதான் நெனச்சேன்! குமிழி தள்ளித்தான் அசைஞ்சுதுன்னு இவரு டார்ச் அடிக்கறவரைக்கும்..."

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நேத்து நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டதும் 'ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு'ன்னு வாயில வந்துடுச்சு! யாரு கேட்டாலும் அப்படித்தானே சொல்லுவோம்! திருத்திச் சொல்லணும்னு நெனைக்கறதுக்குள்ள நீங்க 'அப்போ தண்ணிதான்'னுட்டீங்க! தண்ணின்னா என் தம்பின்னு எனக்கு அப்புறம்தான் உறைச்சுது! இன்னைக்குக்கூட சொல்றதுக்குத்தான் போன் பண்ணினேன்! அழத்தான் முடிஞ்சுது!"

பட்டறையிலிருந்து திரும்பிய பம்பரம் வாசலில் நின்றார்.

பண்ணைக்காரரின் முகம் சிவந்தது. "என் வாழ்க்கையையே முடிச்சிட்டியேடி! அப்படி எவன் போன் பண்ணினான்? எவன்கிட்ட அவ்வளவு அவசரமாப் பேசணும் உனக்கு?"

மனைவி குழந்தையின் முதுகைத் தட்டினாள்.

"கேக்கறேன்ல? யாரு?"

அவள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பண்ணைக்காரர் மேலும் கத்த வாயெடுத்தார். நகரத்துச் சரக்கு அலுவலகத்தின் கவுன்ட்டரில் நின்றுகொண்டு, பெட்டிகள் தயாரா என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்த முந்தாநாள் மத்தியானம் மெல்ல மெல்ல அவர் கண்ணில் ஏறியது. எதிர்முனையில் இரைச்சல். 'ஒண்ணும் கேக்கல! அந்தச் சனியனை நிறுத்திட்டுப் பேசு!' ஒவ்வொரு போனிலும் அவர் சொல்வதுதான். அதனால்தான் சொன்னதே நினைவில் இல்லை.

அவர் காலித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்னேன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டது உதட்டசைவில்தான் தெரிந்தது.

"நீங்க நிறுத்தத்தான் சொன்னீங்க" என்றாள் அவள். "மறுபடி போடாதது நான்தானே."

சர்வேயரம்மாவால் அங்கே நிற்க முடியவில்லை. புருஷன் மறந்திருந்தான். மனைவி பயந்திருந்தாள். இரண்டுக்கும் காரணம் உண்டு. எந்தக் காரணமும் இல்லாமல், கேட்பதையே தொழிலாக வைத்திருந்தும், மூன்று பேர் பேச்சை அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையாகச் சுருட்டி, அந்த வார்த்தையை ஒருவன் தலையில் போட்டது அவள்தான். ஜீப் வந்தால் போலீஸ்காரரிடம் முதலில் வாய் திறக்க வேண்டியதும் அவள்தான்.

கொட்டகையைவிட்டு வெளியே வந்து தீனி அறையின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

அவன் மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் மருந்து ஊற்றும் அளவுக் குவளை. அதில் தண்ணீரை ஊற்றி, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வாளியில் கொட்டினான். மறுபடி ஊற்றினான். கதவு திறந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"என்ன தம்பி செய்யறே?"

"கை எங்க தப்புச்சுன்னு பாக்கறேங்க. ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் வருது. அன்னைக்கு மட்டும் எப்படித் தப்புச்சுன்னு தெரியல." அவன் நிமிர்ந்தான். "ஜீப் வந்துடுச்சுங்களா?"

அவள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். புடவையில் தீனி மாவு ஒட்டியது.

"மோட்டார் நின்னிருக்கு தம்பி. ரொம்ப நேரம் நின்னிருக்கு. உன் மருந்துல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவனுக்கு அது புரிய நேரம் பிடித்தது. யார் நிறுத்தினார்கள் என்று அவன் கேட்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் இல்லையா?" என்றான்.

"நீ இல்ல."

அவன் குவளையைப் பார்த்தான். கொட்டகைப் பக்கம் பார்த்தான். "ரெண்டு நாளா... நான்தான்னு... அப்ப நான் இல்லையாங்க?"

"நீ இல்லப்பா."

பம்பரம் கதவோரம் வந்து நின்றார். தெருமுனையில் ஜீப்பின் சத்தம் கேட்டது. அவன் அதைக் காதில் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்து மறுபடியும் கேட்டான். அவள் மறுபடியும் சொன்னாள். அவன் இன்னும் நம்பவில்லை என்று தெரிந்தது. அவன் கேட்க, அவள் சொல்ல, ஜீப் வாசலில் வந்து நிற்கும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.